மேசைக்கு உள்பக்கம் நிற்பவர்

ரோங் ஷிசிங் தானாக ஒரு பேச்சைத் தொடங்கி யாரும் கேட்டதில்லை. அதற்காக அவரை ஊமை என்றோ உம்மணாமூஞ்சி என்றோ நினைத்துவிட வேண்டாம். நீங்கள் "இன்னிக்குக் காத்து ஜாஸ்தி" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். "ஜாஸ்தியா? ஆளையே தூக்குது!" என்பார். "காலையில பாலத்து மேல என் தொப்பி பறந்துபோச்சு" என்பீர்கள். உங்கள் தலையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "தொப்பி மட்டுமா?" என்பார். நீங்கள் வழுக்கையைத் தடவிக்கொண்டே சிரித்துவிடுவீர்கள். வீட்டுக்குப் போகும்போது, இன்றைக்கு நாம் எவ்வளவு நன்றாகப் பேசினோம் என்று உங்களுக்கே உங்கள் மேல் ஒரு பிரியம் வந்திருக்கும். அதுதான் அவர் தொழில்.

தியன்ஜின் ஆற்றங்கரையில் இருக்கிற தேநீர் அரங்கில் அவர் இரட்டைப் பேச்சுக்காரர். நீள அங்கி போட்ட இரண்டு பேர் ஒரு மேசையை வைத்துக்கொண்டு ஊரைச் சிரிக்க வைக்கிற வேலை அது. மேசைக்கு வெளியே நிற்பவர் கதை விடுவார், புளுகுவார், குதிப்பார். உள்பக்கம் நிற்பவர் அவர் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொன்றையும் தரையில் விழாமல் பிடித்துக் கொடுப்பார். அப்படிப் பிடிக்கிறவருக்கு அந்த ஊரில் பெங்கன் என்று பெயர். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரை நினைத்துக்கொண்டால் முக்கால்வாசி சரியாக இருக்கும். ஆகவே நானும் ஒத்து என்றே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊரில் மேடைப் பேச்சு மேடையோடு நின்றால் இந்தக் கதையே இல்லை. தெருவுக்கு இறங்கி, காய்கறிக் கடைக்குப் போய், ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டது. சிரிப்பு வெடிக்கிற இடத்துக்கு மேடைக்காரர்கள் மூட்டை என்று சொல்வார்கள். கட்டிக் கட்டி வைத்திருந்து கடைசியில் அவிழ்ப்பதால் அந்தப் பெயர். இப்போது மீன் விற்கிற அக்காகூட, பேரம் பேசுகிறவனிடம், "சும்மா சுத்தாதே, மூட்டையை அவிழு, எவ்வளவு தருவே?" என்கிறாள். சீட்டாட்டத்துக்கு நாலாவது ஆள் வராவிட்டால் ஜன்னலிலிருந்து, "மேடையைக் காப்பாத்த ஒரு ஆள் வேணும்!" என்று கத்துகிறார்கள், யாராவது ஒருத்தி ஈரக் கையைச் சமையல் துணியில் துடைத்துக்கொண்டு மாடியேறுகிறாள். பல் டாக்டர், "நீங்க வாயைத் திறங்க, நான் ஒத்து" என்று சொல்லிக்கொண்டே ஊசியை எடுக்கிறார். ரோங் குடியிருக்கிற கட்டடத்தின் இரண்டாம் மாடிக் கிழவர் ஏதோ சொல்ல வாயெடுத்து அப்படியே கண்ணை மூடியபோது, அவருடைய சொந்தத் தம்பி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது இப்படி: "மூட்டையை அவிழ்க்காமலே போயிட்டியே அண்ணே!" அழுதவர்களும் சிரித்தார்கள். சிரித்தவர்களும் அழுதார்கள். இதெல்லாம் மேடையிலிருந்து வந்த சொல் என்று சொன்னால் அவர்கள் நம்புவதில்லை. எங்கள் அம்மா பேசியதுதானே என்பார்கள்.

ரோங்குக்கு இந்த வேலை தானாக வந்ததுதான். இளமையில் சைக்கிள் செயின் செய்கிற தொழிற்சாலையில் இருந்தார். பக்கத்து இயந்திரத்தில் ஜி சாங்ஃபூ. ஜிக்கு வாய் ஓயாது. இயந்திரச் சத்தத்தை மீறி அவர் அளக்கிற அளப்புகளுக்கு ரோங் தலையைத் தூக்காமலே, "அப்புறம்?", "நிஜமாவா?", "உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்று ஒன்றொன்றாகப் போட்டுக் கொடுப்பார். சுற்றி நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். தொழிலாளர் விழாவில் இருவரையும் மேடையேற்றினார்கள். பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். சேர்ந்து வேலை பார்த்தவர்கள் ஆட்டோ ஓட்டவும் வாசல் காக்கவும் போனபோது, இவர்கள் இருவரும் அங்கி தைத்துக்கொண்டு தேநீர் அரங்குக்குப் போனார்கள். ஜியின் பெயர் பெரிய எழுத்தில் வரும், ரோங்கின் பெயர் பக்கத்தில் வரும். அது அவருக்குக் குறையாகப் பட்டதே இல்லை. பட்டிருந்தாலும் அவர் எப்படிச் சொல்லியிருப்பார்? யாராவது முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மனைவி பெய்ரூ நன்றாகப் பேசுவாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே, தன் பெரியம்மாவின் மூட்டுவலி முதல் அடுத்த வீட்டுப் பூனை வரைக்கும் அவள் சொல்லி முடித்தாள். இவர் ஒன்றுவிடாமல் பிடித்தார். இப்படி ஒரு மனிதன் நம் பேச்சைக் கேட்கிறானே என்று உருகித்தான் அவள் கழுத்தை நீட்டினாள். இப்போது கேட்டால் வேறு மாதிரி சொல்கிறாள். "நான் பேசறதைக் கேக்கறாருன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவர் வீட்டுலயும் டூட்டி பார்த்துக்கிட்டிருந்தாருன்னு."

மகள் நிங் அப்பா செல்லம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அன்றைய சண்டைகளை எல்லாம் கொட்டுவாள். "அவ என் பென்சிலை எடுத்துட்டாப்பா." "பென்சிலையா! சும்மா விட்டியா?" "நான் அவ ரப்பரை எடுத்துட்டேன்." "அதானே!" அந்த "அதானே" அவளுக்கு மிட்டாய் மாதிரி. அதைக் கேட்பதற்காகவே சண்டை போட்டுக்கொண்டு வந்தாளோ என்னவோ.

பெண் வளர்ந்தாள். ஜினான் நகரத்தில் பாலங்களுக்கு வரைபடம் போடுகிற அலுவலகத்தில் வேலைக்குப் போனாள். அங்கேயும் அந்தச் சொல் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் முகம் மாறியிருந்தது. மேலாளர் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவனை அங்கே ஒத்து என்று கூப்பிட்டார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், "இன்னிக்கு நல்லா ஒத்து ஊதினே போலிருக்கே" என்று ஒருத்தர் முதுகில் ஒருத்தர் குத்திக்கொண்டார்கள். நிங் முதலில் கோபப்பட்டாள். அது எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா என்று சண்டைகூடப் போட்டாள். பிறகு பழகிப்போயிற்று. பழகியதற்கு அப்புறம், அப்பாவை நினைக்கும்போதும் அந்தப் புது முகமே தெரிய ஆரம்பித்தது. இதில் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல் ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வரும்போது செருப்புச் சேற்றோடுதான் வருகிறது.

ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள். வெளிமாகாணத்தில் ஒரு பெரிய பாலத்து வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"போகட்டுமாப்பா?"

"போகணும்னு தோணுதா?"

"தோணுது. பயமாவும் இருக்கு."

"பயம் இருக்கத்தானே செய்யும்!"

"அப்பா, நீ என்ன நினைக்கிறே?"

"நான் என்ன நினைக்கிறது! நீ என்ன நினைக்கிறியோ..."

"நான் கேட்டது உன்னை."

"அதானே!" என்றார் ரோங், வாய் தவறி. அந்தப் பக்கம் தொலைபேசி வைக்கப்பட்டது. அந்த வேலைக்கு அவள் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதை இன்றுவரை சொல்லவும் இல்லை.

இந்த நிலையில்தான் கல்யாணப் பேச்சு வந்தது. பையன் தெங் ஹாவ், அதே அலுவலகம். ஷான்டோங் பக்கத்து மாவட்ட ஊர் ஒன்றைச் சேர்ந்தவன். அதிகம் பேசாத, அமைதியான பையன். அவனுடைய அப்பா தெங் சுவான்யி ஊரில் தானியக் கிடங்குக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இரு வீட்டாரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாகி, பையன் வீட்டார் ரயிலேறி வந்தார்கள்.

அவர்கள் வருவதற்கு முன் நிங் அப்பாவைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா நூடுல்ஸுக்கு நாலு வகைக் குழம்பும் கூட்டும் செய்துகொண்டிருந்தாள். மீன் எண்ணெயில் சீறிக்கொண்டிருந்தது.

"அப்பா, நல்லாக் கேளு. நான் உன்கிட்ட ஒண்ணுதான் கேக்கறேன். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் அவங்க ஊருக்கே வந்துடணும்னு ஹாவோட அப்பா கேப்பாரு. நான் வேலையை விடணும். ஹாவுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது, அவன் அந்த வீட்டுல வளர்ந்தவன். நான் பேசினா வாயாடின்னு ஆயிடும். நீதான் சொல்லணும்."

"சொல்லிட்டாப் போச்சு!"

"என்ன சொல்லணும்?"

"என்ன சொல்லணும்?" என்றார் ரோங்.

நிங் கண்ணை மூடித் திறந்தாள். "முடியாதுன்னு சொல்லணும் அப்பா. 'அதானே'ன்னு சொல்லிடாதே. அது மட்டும் போதும்."

"சரி, சரி, சரி!" என்றார். அவர் மூன்று தரம் சரி சொன்னதிலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

விருந்தாளிகள் வந்தார்கள். தெங் சுவான்யி உயரமான மனிதர், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். கையில் பேரீச்சம்பழப் பெட்டி. அவருடைய மனைவி மெல்லிய குரல்காரி, உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். பெய்ரூ பேச்சை நடத்திக்கொண்டு போனாள். ரோங் பிடித்துக் கொடுத்தார். மீன் வந்தது, மது வந்தது. எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் தெங் சுவான்யி கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். அவர் ஊரில் ஒருவர் கோப்பையோடு எழுந்துவிட்டால், அவர் முடிக்கும்வரை மேசையில் சாப்பாட்டுக்குச்சி அசையக் கூடாது. ரோங்கின் ஊரிலோ, ஒருவர் பேசும்போது எதிரே இருப்பவர் வாய் மூடியிருந்தால் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. பேசுகிறவனை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவதற்குச் சமம் அது.

"சம்பந்தி, சம்பந்தியம்மா. நான் மூணு விஷயம் சொல்லணும்."

"மூணா! சொல்லுங்க, சொல்லுங்க!"

தெங் சுவான்யி ஒரு கணம் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "முதல் விஷயம், நன்றி. எங்க பையனை நீங்க இவ்வளவு மரியாதையா..."

"நன்றியெல்லாம் எதுக்குங்க! சோறு ஆறிடும்!"

மேசைக்கு அடியில் பெய்ரூ கணவர் காலை மிதித்தாள். நிங் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோங் அதைக் கவனித்தார். ஆனால் அவருக்கு அது, இன்னும் நன்றாகப் பிடிக்கச் சொல்கிற பார்வையாகப் பட்டது. மேடையில் ஜி இப்படித்தான் பார்ப்பார்.

"ரெண்டாவது விஷயம். எங்க பையனைப் பத்தி. அவன் ஒண்ணும் பெரிய திறமைசாலி இல்லை..."

"பார்த்தாலே தெரியுது!" என்றார் ரோங் ஷிசிங்.

அந்தத் தேநீர் அரங்கில் இதைவிடப் பழைய பிடி கிடையாது. வெளியே நிற்பவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டால் உள்ளே நிற்பவர் "தெரியுது" என்பார், கூட்டம் கேலியாக "யீ..." என்று கத்தும், தாழ்த்திக்கொண்டவர் முறைப்பார், எல்லோரும் தேநீரைக் கொட்டிக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கட்டடத்தில் எந்த வீட்டில் சொல்லியிருந்தாலும் சொன்னவர் முதுகில் ஒரு தட்டு விழுந்திருக்கும், கோப்பைகள் மோதியிருக்கும். இங்கே யாரும் சிரிக்கவில்லை. ஹாவ் தன் தட்டைப் பார்த்தான். அவனுடைய அம்மாவின் காது சிவந்தது.

மேடை குளிர்ந்துவிட்டது. ஒத்து ஊதுகிறவனுக்கு உலகத்தில் வேறு எந்தப் பயமும் இல்லை, இந்தக் குளிர் ஒன்றைத் தவிர. ரோங் பதறிப்போய் மேலும் ஒரு கட்டையை அடுப்பில் போட்டார்: "அட, நிறுத்தாதீங்க! மூட்டையை அவிழுங்க, நான் பிடிக்கிறேன்ல!"

தெங் சுவான்யி கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தார். "கோப்பையைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறவனைக் கேலி பண்றது எங்க ஊர்ல வழக்கம் இல்லைங்க, ரோங் ஐயா." சம்பந்தி, ரோங் ஐயா ஆகிவிட்டார். அவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு விடுதிக்குப் புறப்பட்டார்கள். மறுநாள் மதிய ரயிலில் ஊருக்குப் போவதாகச் சொன்னார்கள். அடுத்து எப்போது பார்ப்பது என்று சொல்லவில்லை.

கதவு சாத்தியபின் நிங் அழுதிருந்தால் ரோங்குக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. மேசையைத் துடைத்தாள்.

"அவர் மூணாவது விஷயத்துக்கே வரலை அப்பா. அதுக்குள்ள முடிச்சிட்டே."

ரோங் காலித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

"ஆபீஸ்ல ஒத்துன்னு சொன்னா எனக்கு உன்னைத்தான் ஞாபகம் வரும். அப்படி நினைக்கக் கூடாதுன்னு எவ்வளவோ பார்த்தேன். உன் வாயில இருந்து உன் வார்த்தைன்னு ஒண்ணு என்னைக்காவது வந்திருக்காப்பா?"

மற்ற நேரமாக இருந்தால் இதற்கும் ஒரு பிடி வைத்திருப்பார். இதற்குப் பிடி இல்லை. அவர் வாழ்க்கையில் தனக்குப் பெருமையாக வைத்திருந்த ஒரே சொல்லை, தன் மகள் தன் மேலேயே எறிந்துவிட்டாள். வலித்தது. அதைவிட அதிகமாக, அவள் சொன்னதில் பொய் இல்லை என்பது வலித்தது.

விடிந்ததும் விஷயம் தெரு முழுக்கப் பரவியிருந்தது. மாவுத் தோசைக்குள் முட்டையும் எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சியும் வைத்து மடித்துக் கொடுக்கிற கடைக்காரன் தூரத்திலேயே கூப்பிட்டான். "ரோங் அண்ணே! நேத்து உங்க வீட்டு மேடை குளிர்ந்துபோச்சாமே?"

"குளிர்ந்துச்சா? பனிக்கட்டி!" என்றது ரோங்கின் வாய். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மகளின் வாழ்க்கை அந்தரத்தில் தொங்குகிறது, இந்த வாய் தோசைக்கடையில் கைதட்டல் வாங்குகிறது. தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு. தோசை வாங்காமல் திரும்பிவிட்டார்.

வீட்டில் ஜி உட்கார்ந்திருந்தார், கையில் விசிறியோடு.

"மூணாவது, கவலையை விடு. நான் வந்து மேடையைக் காப்பாத்தறேன். விடுதிக்கு நாம ரெண்டு பேரும் போறோம். நான் பேசறேன், நீ பக்கத்துல நின்னு பிடி. அந்தாள் வயிறு வலிக்கச் சிரிச்சு, நம்மளைக் கட்டிப் பிடிச்சு..." வீட்டில் மூன்றாவது பிள்ளை என்பதால் ஜி அவரை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஜி அண்ணே," என்றாள் பெய்ரூ, "இவர் ஒருத்தர் வாயால வந்த வினைக்கு ரெண்டு வாயா? தேநீர் குடிங்க, விசிறியை மடிச்சு வைங்க."

ஜி முகம் வாடினாலும் விசிறியை மடித்தார். நல்ல மனிதர்தான், பாவம். வாய்தான் அவருக்கு முன்னால் ஓடும்.

ரோங் தனியாகப் புறப்பட்டார். ஆற்றங்கரையோடு நடந்துபோகும்போது மன்னிப்புக்கு ஒரு தொடக்கம் தேடினார். "ஐயா, நேற்று..." என்று தொடங்கினார், அது ஜியின் குரலில் வந்தது. வேறு மாதிரி தொடங்கினார். அதுவும் ஜியின் குரல். முதல் வாக்கியம் என்பது எப்போதுமே வேறு யாரிடமிருந்தோ வருகிற சாமான் என்று பழகிப்போன மனிதர். ஐம்பத்தெட்டு வயதில், மகள் கல்யாணத்துக்காக, முதல் வாக்கியம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் தெங் குடும்பம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. நிங்கும் அங்கேதான் இருந்தாள். சமாதானம் பேச விடிகாலையே வந்தவள், பேச முடியாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் பயம் வந்தது. அந்தப் பயத்தை ரோங் பார்த்துவிட்டார்.

மேசை முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

தெங் சுவான்யி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கரண்டியையும் வைத்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து ரோங்கின் முகத்தைப் பார்த்தார். "என்ன?" என்று கேட்கவில்லை. "சொல்லுங்க" என்றும் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் யாரோ முட்டை உரித்தார்கள். இதைவிடக் குளிர்ந்த மேடையில் அவர் நின்றதில்லை. ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஓடவில்லை. நின்றுகொண்டே இருந்தபோதுதான் அவருக்கு ஒன்று புரிய ஆரம்பித்தது. இந்த மனிதர் தன்னை நடுத்தெருவில் விடவில்லை. இவர் காத்திருக்கிறார். எழுந்து நிற்பவன் பேசி முடிக்கும்வரை அசையாமல் இருப்பதுதான் இவருடைய மரியாதை. நேற்றும் இதையேதான் இவர் நம்மிடம் எதிர்பார்த்திருக்கிறார். ரோங் ஷிசிங் பேசுவதற்காக இதுவரை யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை. அவர் அதற்கு யாருக்கும் இடம் கொடுத்ததும் இல்லை.

"நேத்து நான் தப்பு பண்ணிட்டேன்," என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "உங்க பையன் திறமைசாலி இல்லைன்னு நீங்க சொன்னீங்க. தெரியுதுன்னு சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அவனைச் சரியாப் பார்க்கக்கூட இல்லை. ஒரு வார்த்தை விழுது, பிடிக்கணும், அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. விழறது என்னன்னு பார்க்காமலே பிடிச்சுப் பிடிச்சு..."

நிறுத்தினார். யாரும் நடுவில் பேசவில்லை. மறுபடி தொடர்ந்தார்.

"என் பொண்ணுகிட்டயும் அப்படித்தான் இருந்துட்டேன். அவ ஒரு தரம் ஒரு பெரிய வேலைக்குப் போகட்டுமான்னு கேட்டா. போம்மான்னு சொல்லணும்னு எனக்கு இருந்துச்சு. சொல்லலை. அவ போகலை. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். அவகிட்டயும் கேக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. நிங் குனிந்து கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெங் சுவான்யி, பேச்சு நிஜமாகவே முடிந்துவிட்டது என்று தெரிகிறவரை இருந்துவிட்டு, எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க, சம்பந்தி."

ரோங் உட்கார்ந்தார். தெங் சுவான்யியின் மனைவி அவருக்குச் சோயாப் பால் ஊற்றிக் கொடுத்தாள். ஹாவ் வெந்த முட்டையைத் தள்ளி வைத்தான். மேசையில் சூடு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்திருந்தால் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு ரயில் நிலையம் போயிருப்பார்கள். ஆனால் தெங் சுவான்யி தொடங்கியதை முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை.

"நேத்து மூணாவது விஷயத்தை நான் சொல்லவே இல்லை," என்றார். "கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் நம்ம ஊருக்கே வந்துடணும்னு எங்க ஆசை. பையனுக்கு அங்கே இடம் பார்த்து வெச்சிருக்கேன். மருமக வேலை பார்க்கணும்னு அவசியம் இல்லை. வீட்டுல ராணி மாதிரி இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க, சம்பந்தி?"

ஹாவ் வாயைத் திறந்து மூடினான். நிங் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"அதானே!" ரோங்கின் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. எத்தனை சுலபம்! இப்போதுதான் சூடான மேசை. இப்போதுதான் திரும்பக் கிடைத்த சம்பந்தி. முப்பது வருடப் பழக்கம் அவரை முதுகில் கைவைத்துத் தள்ளியது. அவர் சோயாப் பாலை ஒரு வாய் குடித்து, அந்த வார்த்தையையும் சேர்த்து விழுங்கினார்.

"இல்லீங்க," என்றார்.

தெங் சுவான்யி அவரைப் பார்த்தார்.

"அவ பாலம் வரையறா. அதை விட்டுட்டு வரச் சொல்றதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அவளா வரேன்னு சொன்னா அது வேற. நீங்க வருத்தப்படுவீங்கன்னு தெரியும். இருந்தாலும் இதுதான் என் வார்த்தை."

மேசை மறுபடி குளிர்ந்தது. இந்தத் தரம் ரோங் அதில் ஒரு சுள்ளிகூடப் போடவில்லை. கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்தவரைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்து, குளிர்ந்தால் குளிரட்டும் என்று காத்திருந்தார். நேற்றே பாதி உடைந்த சம்பந்தம் இப்போது முழுசாகப் போனாலும் போகும் என்று அவருக்குத் தெரியும்.

"எங்க வீட்டுல என் மூணாவது விஷயத்துக்கு யாரும் மறுபேச்சுப் பேசினதில்லை," என்றார் தெங் சுவான்யி மெதுவாக.

"பேசணும்னு நான் ரொம்ப வருஷமா நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் அவருடைய மனைவி, அதே மெல்லிய குரலில். அவர் திரும்பி அவளை ஏதோ புதிதாக வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கஞ்சிக் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் சுற்றினார்.

"பாலம் வரையறது லேசான வேலை இல்லைதான்," என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு நிங் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்றே?"

நிங் தலையைத் தூக்கினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் தடுமாறவில்லை.

"எங்கப்பா சொன்னதுதான் மாமா," என்றாள்.